கடல் கட்டி கையைத் தூக்கினால்

பொங்கலுக்கு வெள்ளையடிக்கப் பரணைக் காலி செய்தபோது, பழைய டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு துணிக்கல் வந்தது. சாம்பல் நிறப் பேண்ட் துணியில் தைத்து, உள்ளே இலவம்பஞ்சு திணித்து, கழுத்தில் தேங்காய் நார்க்கயிறு கட்டியது. வெள்ளையடிக்க வந்த தம்பி தலையணை என்று நினைத்து அதை உதறப் போனார். வாங்கி மூக்கருகே வைத்துப் பார்த்தேன். நார் வாசனை. அதற்கடியில் பவுடரும் வியர்வையும் கலந்த சின்னப் பிள்ளைகளின் வாசனை. இத்தனை வருடத்துக்குப் பிறகு அது எப்படி மிச்சமிருக்கும்? ஆனாலும் எனக்குத் தெரிந்தது.

தூத்துக்குடி பிரையண்ட் நகரில் எங்கள் வீட்டு முன்கூடத்தில்தான் நடன வகுப்பு தொடங்கினேன். திருநெல்வேலியில் எனக்கு நடனம் சொல்லித்தந்த ஆசிரியை ஏழு வயதுக்குக் குறைந்த பிள்ளையைச் சேர்க்க மாட்டார். முட்டி முற்றாத பிள்ளையை அரைமண்டியில் உட்கார வைக்கக்கூடாது என்பார். அந்தக் காரணம் இன்றைக்கும் சரிதான். நானும் அதையே சொல்லி எல்.கே.ஜி. பிள்ளைகளோடு வரும் அம்மாக்களைத் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். ஆனால் அந்தப் பிள்ளைகளுக்கு ஏழு வயதாகும்போது டியூஷன் வந்துவிடும், கராத்தே வந்துவிடும், கீபோர்டு வந்துவிடும். விஜயதசமிக்கு நிரம்பும் கூடம் கார்த்திகைக்குள் பாதியாகக் கரைந்துவிடும்.

வழி சொன்னவர் திரேஸ்புரத்திலிருந்து பேத்தியை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்த ஓர் ஆச்சி. குழந்தைக்கு நாலு வயது இருக்கும். வெளியே ரிக்‌ஷாவை நிறுத்தச் சொல்லிவிட்டு உள்ளே வந்தார்.

“டீச்சரம்மா, இவள சேத்துக்கிடுங்க.”

“ஆச்சி, கொஞ்சம் வளரட்டுமே. இப்பம் தட்டச் சொன்னா அவளுக்கு வராது.”

“தட்டுன்னா வராதும்மா. மீன் மாதிரி ஆடுன்னு சொல்லிப் பாருங்க. வீட்டுல ஒரு நிமிசம் நிக்க மாட்டா.”

சொல்லிக்கொண்டே பேத்தியைத் தரையில் இறக்கிவிட்டார். “ஏட்டி, சாளை எப்பிடிப் போகும்?” என்றார். அந்தக் குழந்தை கூடத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை உடம்பை இருபுறமும் வெட்டி வெட்டி ஓடியது. “சுறா?” தோள்கள் இறங்கின, கழுத்து நீண்டது, ஓட்டம் நிதானமானது. “நண்டு?” பக்கவாட்டில் போனது. மூன்று நடைகள், மூன்று வேகங்கள், உடம்பில் மூன்று வெவ்வேறு கனங்கள். பெரிய பிள்ளைகளிடம் நான் மாதக்கணக்கில் கேட்டு வாங்கும் விஷயம் அது. அன்றைக்கே அவளைச் சேர்த்துக்கொண்டேன்.

அபிநய தர்ப்பணத்தில் இரட்டைக் கை முத்திரைகள் வரிசையாக வரும். அவற்றில் கடலுக்குரியவை எத்தனை என்று அன்றிரவு புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். மத்ஸ்யம், கூர்மம், சங்கம், கர்க்கடகம்: மீனும் ஆமையும் சங்கும் நண்டும். நான் அவற்றை எப்போதும் சுலோகத்தின் வரிசையில்தான் சொல்லிக்கொடுத்திருந்தேன். திரேஸ்புரத்துப் பிள்ளைக்கு அந்த வரிசை எதற்கு? ஒரு கையின் முதுகில் மறுகையை வைத்து இரண்டு கட்டைவிரல்களையும் ஆட்டினால் அவளுக்கு அது மீன். ஆட்டிக்கொண்டே கூடம் முழுக்க நீந்தலாம்.

அடுத்த மாதமே சின்னப் பிள்ளைகளுக்குத் தனி வகுப்பு வைத்தேன். மாதம் ஒரு கதை. முதல் மாதம் கடல். அம்மாவின் பழைய நீல வாயில் புடவையை நாலு பேர் நாலு முனையில் பிடித்து அசைப்பார்கள், மற்றவர்கள் அதற்கடியில் புகுந்து போவார்கள். இரண்டாவது மாதம் உப்பளம்.

உப்பளத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தட்டடவில் பாதம் முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் பட வேண்டும். நாலு வயதுப் பிள்ளை குதிகாலை மட்டும் இடிக்கும், இல்லையென்றால் முன்னங்காலில் குதிக்கும். எத்தனை முறை “தையா தை” சொன்னாலும் அது திருந்தாது. எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வந்த அக்கா முன்பு உப்பளத்து வேலைக்குப் போனவர். உப்பு விளைச்சல் தொடங்குவதற்கு முன்னால் பாத்தியின் தரையை வரிசையாக நின்று காலால் மிதித்து மிதித்து இறுக்குவார்களாம். தரை சரியாக இறுகாவிட்டால் உப்பில் சேறு ஏறிவிடும். “எப்பிடிக்கா மிதிப்பீங்க?” என்று கேட்டேன். கை துடைத்துவிட்டு வந்து கூடத்தில் நின்று மிதித்துக் காட்டினார். பாதம் முழுக்க விழுந்தது. சத்தம் ஒன்றாக வந்தது. ராஜம் கிருஷ்ணனின் ‘கரிப்பு மணிகள்’ படித்தவர்களுக்கு இந்த ஊர் உப்பளத்துக் கால்கள் என்ன பாடுபடுமென்று தெரியும். உப்புநீரில் நாளெல்லாம் நின்று வெடித்த பாதங்கள் அந்த அக்காவுடையவை. அந்தப் பாதங்கள்தான் என் சின்னப் பிள்ளைகளுக்குத் தட்டடவு சொல்லிக்கொடுத்தன.

“பாத்தி மிதிங்க, சேறு மேல வரக்கூடாது” என்றதும் பிள்ளைகள் மிதித்தார்கள். முட்டி லேசாகத்தான் மடங்கியது, அதுவே போதும். பிறகு வாருபலகையை இழுப்பதுபோலக் கைகளை நீட்டி இழுத்துக்கொண்டு பின்னால் நடந்தார்கள். உப்பைக் குவித்தார்கள். குவியலைச் சுற்றி வந்தார்கள். அரை மணி நேரம் ஒரு குழந்தைகூட “வீட்டுக்குப் போறேன்” என்று அழவில்லை.

அந்தச் சமயத்தில் நர்சரிப் பள்ளி நடத்திய ஒரு சிநேகிதி எனக்கு இருந்தார். மாண்டிசோரி முறையில் பயிற்சி பெற்றவர். 1939ல் மரியா மாண்டிசோரி அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்ததையும், போர் மூண்டதால் ஆண்டுக்கணக்கில் இந்தியாவிலேயே தங்க நேர்ந்ததையும் அவர்தான் சொன்னார். அதே அடையாறில் 1936ல்தான் ருக்மிணி தேவி கலாக்ஷேத்ராவைத் தொடங்கியிருந்தார். பரதமும் பாலர் கல்வியும் அவ்வளவு அருகருகே இருந்திருக்கின்றன என்பது எனக்கு அதுவரை தெரியாது. தரையில் ஒரு கோடு போட்டு அதன்மேல் குழந்தைகளை நடக்க விடுவது மாண்டிசோரி வகுப்பின் பழைய பயிற்சி. சிநேகிதி சுண்ணாம்புக் கட்டியால் எங்கள் கூடத்தில் அப்படி ஒரு கோடு போட்டார். நான் அதைத் தோணிக்குப் போகும் பலகை ஆக்கினேன். கொழும்புக்குச் சரக்கு ஏற்றுகிறோம். தலையில் மூட்டை இருக்கிறது. கீழே தண்ணீர். கால் பிசகாமல் போக வேண்டும். பழைய துறைமுகத்தில் தோணிக்குச் சரக்கு ஏறுவதைப் பார்த்த பிள்ளைகள் அவர்கள். மூச்சுக்கூட விடாமல் நடந்தார்கள்.

இதெல்லாம் நமக்குப் புதிதும் இல்லை. ஊரிலிருந்து ஆற்றோடு மேலே போனால் ஸ்ரீவைகுண்டம். அங்கே பிறந்த குமரகுருபரர் மீனாட்சியம்மைக்குப் பாடிய பிள்ளைத்தமிழில் செங்கீரை, சப்பாணி, வருகை என்று பருவம் பருவமாக ஒரு குழந்தையின் உடம்பு வளர்கிறது. ஒரு காலை மடக்கி மறுகாலை நீட்டி, கைகளை ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் ஆட்டம் ஒன்று. கை கொட்டுவது ஒன்று. தளர்நடையாக வருவது ஒன்று. எந்தப் பருவத்தில் குழந்தையிடம் எந்த அசைவைக் கேட்கலாம் என்று இதைவிடத் தெளிவாக எந்தப் பாடத்திட்டமும் எனக்குச் சொன்னதில்லை.

மூன்றாவது மாதக் கதையாக முத்துக்குளிப்பை எடுத்தேன். அந்த மாதத்தோடு வகுப்பின் முகமே மாறிவிட்டது.

முத்துக்குளிப்பு என்றால் எனக்குப் பாடப்புத்தகத்தில் வந்த கொற்கைதான் தெரியும். பிள்ளைகளின் இடுப்பில் கயிறு கட்டி, இந்தத் துணிக்கல்லைக் கையில் கொடுத்து, புடவைக் கடலுக்குள் இறங்கச் சொன்னேன். மாதக் கடைசிச் சனிக்கிழமை வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டுக் காட்டுவது வழக்கம். அன்றைக்கு ஒரு பேத்தியின் தாத்தா வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, நரைத்த மீசை, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தார். ஆட்டம் முடிந்ததும் எழுந்து வந்தார்.

“தப்பா எடுத்துக்கிடாதீங்கம்மா. கயிறு ரெண்டு.”

அவர் 1961 வரை பாருக்குப் போனவர். அந்த வருடத்தோடு தூத்துக்குடியில் முத்துக்குளிப்பு நின்றுபோனது. கடலடியில் சிப்பி விளையும் பாறைத் திட்டுகளைத்தான் பார் என்பார்கள். சிப்பி நினைத்தால் விளையும், நினைத்தால் வருடக்கணக்கில் காணாமல் போகும். அதிகாரிகள் போய்ப் பார்த்து, போதிய சிப்பி இருந்தால்தான் குளிப்பு நடக்கும். கல்லுக்கு ஒரு கயிறு, ஆளுக்கும் சிப்பி அள்ளும் வலைப்பைக்கும் ஒரு கயிறு. கல்லில் காலை ஊன்றி இறங்குவார்கள். தரை தட்டியதும் கல்லை விட்டுவிட வேண்டும், மேலே இருப்பவர் அதை இழுத்துக்கொள்வார். ஒரு மூச்சுக்குள் அள்ளியது மட்டும் கணக்கு. மூச்சு முட்டும்போது கயிற்றை வெட்டி இழுத்தால் மேலேயிருப்பவர் தூக்கிவிடுவார்.

“மேல கயிறு பிடிக்கிறவர் யாரு தாத்தா?” என்று ஒரு பையன் கேட்டான்.

“மச்சினன்தாம்ல பிடிப்பான். அக்கா தாலி அவன் கையில இருக்குல்லா. விடுவானா?”

பெரியவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். இந்தக் கரையில் பலர் சொல்லிக் கேட்ட சங்கதிதான், ஆனாலும் நீருக்குள் இறங்கி வந்தவர் வாயால் கேட்பது வேறு. அடுத்த சனிக்கிழமை அவர் தானாகவே வந்தார். கூட இன்னும் இரண்டு பேர். ஒருவர் சங்கு குளித்தவர். பிள்ளைகளை ஜோடி ஜோடியாக நிறுத்தி, ஒருவர் இறங்க, ஒருவர் கயிறு பிடிக்கக் கற்றுக்கொடுத்தார்கள். இறங்குபவர் நின்ற நிலையிலிருந்து எட்டு எண்ணிக்கைக்குள் மெதுவாகத் தரைவரை போக வேண்டும். மேலேயிருப்பவர் கண்ணை எடுக்கக்கூடாது. மூன்றரை வயதுப் பிள்ளை இன்னொரு பிள்ளையை எட்டு எண்ணும்வரை இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றதைக் கண்ட அன்று எனக்குத் தொண்டை அடைத்தது. மேடையில் கூட ஆடுபவரைக் கவனிக்கும் பழக்கம் எத்தனையோ தேர்ந்த கலைஞர்களுக்கே வருவதில்லை.

சுறா பயத்துக்குக் கடல் கட்டி என்று ஒருவர் இருந்ததாகவும் அந்தத் தாத்தாக்கள்தான் சொன்னார்கள். மந்திரம் சொல்லிச் சுறாக்களின் வாயைக் கட்டுபவர். அவர் வராமல் குளிப்பவர்கள் இறங்க மாட்டார்களாம். பழைய காலத்தில் அதற்கென்றே பரம்பரைக் குடும்பம் இருந்தது, கூலியாகச் சிப்பி கொடுத்தார்கள். இதைக் கேட்டதும் எனக்கு விளையாட்டு கிடைத்துவிட்டது. பாதிப் பேர் சுறா, ஆடிக்கொண்டே சுற்றுவார்கள். கடல் கட்டி கையைத் தூக்கினால் அப்படி அப்படியே சிலையாக நிற்க வேண்டும். கையை இறக்கினால் மறுபடி ஆடலாம்.

வகுப்பில் ஒரு பெண் குழந்தை வாயே திறக்காது. வந்து சேர்ந்து மாதங்கள் ஆகியும் யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. குமரகுருபரர் ஐந்து வயதுவரை பேசவில்லை, திருச்செந்தூரில்தான் வாய் திறந்தார் என்ற கதையைச் சொல்லி அவள் அம்மாவைத் தேற்றிக்கொண்டிருந்தேன். அவளைக் கடல் கட்டி ஆக்கினேன். பேச வேண்டியதில்லை, கையைத் தூக்கினால் போதும். முக்காலியில் ஏறி நின்று கையைத் தூக்கினாள். சுறாக்கள் எல்லாம் நின்றன. அவள் முகத்தில் வந்த ஆச்சரியத்தை என்னால் மறக்க முடியாது. கையை இறக்கினாள், ஆடின. தூக்கினாள், நின்றன. மூன்றாவது தடவை ஒரு பையன் நிற்காமல் ஓடினான். “லே, நில்லு!” என்றாள். கூடத்தில் அவள் பேசிய முதல் சொல் அது. கதவோரம் நின்றிருந்த அவள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

சிப்பியைக் கரையில் குவித்து அழுக விட்டுத்தான் முத்தைக் கழுவி எடுப்பார்கள் என்று தாத்தா சொன்னபோது, நாற்றம் எப்படி இருக்கும் என்று பிள்ளைகள் கேட்டார்கள். அவர் மூக்கைச் சுளித்துத் தலையைத் திருப்பினார். பதினைந்து மூக்குகள் சுளித்தன. பிறகு உள்ளங்கையில் முத்தை எடுத்துப் பார்ப்பதுபோல் பார்த்தார். பதினைந்து முகங்கள் மலர்ந்தன. இளிவரலும் மருட்கையும் அரை நிமிடத்தில் வந்துவிட்டன. தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளில் சொன்ன அந்த இரண்டையும் நான் எத்தனை வகுப்புகளில் விளக்கி விளக்கி அலுத்திருப்பேன்!

வகுப்பு வளர்ந்தது இப்படித்தான். விளம்பரப் பலகை ஒன்றும் வைக்கவில்லை. பிள்ளை வீட்டுக்குப் போய்க் கட்டிலிலிருந்து கயிறு பிடித்து இறங்கும். அப்பா என்ன இது என்று கேட்பார். “தாத்தா குளிச்சாங்கல்ல, அது” என்று பிள்ளை சொல்லும். தாத்தா அன்றைக்குச் சாப்பாட்டை மறந்து கதை சொல்வார். மறுநாள் அந்தத் தெருவிலிருந்து இன்னும் இரண்டு பிள்ளைகள் வரும். ஒன்றிரண்டு பையன்களே இருந்த வகுப்பில், துறைமுகம் என்று ஒரு மாதம் வைத்த பிறகு நிறையப் பையன்கள் வந்தார்கள். 1974ல் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்ட நம் புதுத் துறைமுகத்தில் அப்பாக்கள் வேலை பார்க்கும் வீட்டுப் பிள்ளைகள். கிரேன் ஆக நின்று முதுகு வளையாமல் கையை நீட்டிச் சுழற்றி இறக்குவதில் அவர்களுக்கு இருந்த கண்டிப்பு எனக்கே பாடம். கூடம் போதாமல் மொட்டை மாடி, மாடியும் போதாமல் ஒரு கல்யாண மண்டபத்தின் மேல்தளம் என்று போனோம்.

மாதா கோயில் வீடுகளிலிருந்து பிள்ளைகள் வந்ததையும் சொல்ல வேண்டும். பரதம் என்றால் சாமி பாட்டு, நமக்கு எதற்கு என்று தயங்கியவர்கள் உண்டு. திருச்சியில் 1977 முதல் கத்தோலிக்கத் திருச்சபையின் கலைக்காவிரி நடனப் பள்ளி இருப்பதைச் சொன்னாலும், அது எங்கேயோ இருப்பது. கடலும் தோணியும் எல்லாருக்கும் சொந்தம். ஆகஸ்ட் 5ஆம் தேதி பனிமய மாதா திருவிழாவை ஒட்டி வரும் வகுப்பில் நாங்கள் தேர் இழுப்போம், சித்திரையில் சிவன் கோயில் தேருக்கும் இழுப்போம். வடம் பிடிக்கும் கால் ஒன்றுதான். முன்னங்காலை ஊன்றிப் பின்காலால் தள்ள வேண்டும். பிள்ளைகள் எந்தத் தேர் என்று கேட்டதே இல்லை.

இப்போது ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கு நடனம் சொல்லித்தரும் இடங்கள் நிறைய. ஏசி போட்ட அறை, சுவர் முழுக்கக் கண்ணாடி. அங்கேயும் மாதம் ஒரு கதை உண்டு. பனி இளவரசி, தேவதை, சூப்பர் ஹீரோ. பிள்ளைகளுக்கு அவையெல்லாம் பிடிக்கும், பிடிக்கட்டும். எனக்கு ஒன்றே ஒன்றுதான் குறை. கிரீடம் வைத்த பிள்ளை நிற்கிறது, போனில் படம் எடுக்கிறார்கள், வாட்ஸப்பில் போகிறது. அந்தக் கதையில் பாதத்துக்கு என்ன வேலை? முதுகெலும்புக்கு என்ன வேலை? கதை என்று ஒன்று எடுத்தால் அதற்குள் இழுப்பது, மிதிப்பது, இறங்குவது, தூக்குவது என்று செய்வதற்கு ஏதாவது இருக்க வேண்டும். உடையோடு முடிந்துபோகும் கதையில் பிள்ளை மூன்று மாதத்துக்கு மேல் நிற்பதில்லை. மூன்று வயதில் அரங்கேற்றம் போல மேடை ஏற்றி ஆடவிடுவதையும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அந்த வயதில் ஆட்டம் கூடத்துக்குள் இருக்க வேண்டியது.

என்னிடம் சின்ன வயதில் சுறாவாக ஆடிய ஒருத்தி இப்போது இதே ஊரில் வகுப்பு நடத்துகிறாள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அவள் வகுப்பறைக்குள் தண்ணீர் புகுந்து பாய், ஸ்பீக்கர் எல்லாம் போயிற்று. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிய வெள்ளம் அது. பொங்கல் கழித்து மறுபடி தொடங்கியவள் எனக்குப் போன் செய்தாள்.

“டீச்சர், நீலத் துணிய விரிச்சேன். ரெண்டு பிள்ளைங்க அழ ஆரம்பிச்சிட்டு. கடலே வேண்டாங்குதுங்க. என்ன செய்ய?”

“துணிய மடிச்சு வையி. உங்க தெருவுக்கு யாரு வந்தாங்கன்னு கேளு.”

கேட்டிருக்கிறாள். பிள்ளைகள் மடை திறந்ததுபோல் பேசினார்களாம். தெருவுக்குள் மீன்பிடிப் படகு வந்ததை, மாமா தோளில் ஏறிப் போனதை, மேலே ஹெலிகாப்டர் பறந்ததை. ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பேரோடு ரயில் வெள்ளத்தில் நின்றதை ஒருவன் தானே பார்த்ததுபோலச் சொன்னானாம். புதுக்குடி ஊர்க்காரர்கள் அந்தப் பயணிகளுக்குச் சமைத்துப் போட்டதும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த மாதக் கதை அதுவே ஆயிற்று. எல்லோருக்கும் படகு ஓட்ட ஆசை, ஒரு பையன் மட்டும் நான் பால் பாக்கெட் என்று அடம்பிடித்திருக்கிறான். அவனுக்காக இரண்டு உள்ளங்கைகளையும் குவித்து மூடும் சம்புட முத்திரையைச் சொல்லிக்கொடுத்தாளாம். மாதக் கடைசிச் சனிக்கிழமை நானும் போயிருந்தேன். படகிலிருந்து பால் பாக்கெட் கை மாறிக் கை மாறி வரிசைக் கடைசிவரை போனது. கடைசியில் நின்ற பெண் அதை வாங்கித் திறந்து காய்ச்சவே தொடங்கிவிட்டாள். அது யாரும் சொல்லிக்கொடுக்காதது.

அடுத்த மாதம் பனை ஏறப் போகிறார்களாம். பாளை சீவுவது எப்படி என்று காட்ட, ஒரு பிள்ளையின் தாத்தா உடன்குடியிலிருந்து வருகிறார். பேருந்துச் செலவை வகுப்பிலிருந்து கொடுக்கிறோம் என்றதற்கு அவர் கோபித்துக்கொண்டாராம். ஆளுக்கொரு துண்டு கருப்பட்டியும் கொண்டுவருகிறேன், எத்தனை பிள்ளைகள் என்று மட்டும் சொல்லுங்கள் என்றிருக்கிறார்.